கிழக்கு பார்த்த தெற்கு வாசல்

நான் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற அன்று, போட்ட மாலைகள் வாடுவதற்கு முன்பே, கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிரிவின் உதவிப் பொறியாளர் கையில் அளவு டேப்போடு என் அறைக்கு வந்து நின்றார். தமிழ்நாட்டு எல்லையோரத்து நகரிக்காரர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"சார், கதவு எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. திருப்பதியில் இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிய துணைவேந்தர் வந்தால் முதல் வேலை கதவை மாற்றுவதுதான். ஒருவருக்கு வடக்கு ஆகாது, அடுத்தவருக்குக் கிழக்கில் ஏதோ தோஷம். அந்த அறையின் நான்கு சுவர்களிலும் ஏதாவது ஒரு காலத்தில் கதவு இருந்திருக்கிறது. எத்தனை பெயின்ட் அடித்தாலும் பழைய நிலைகளின் கோடு ஆவி மாதிரி மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் சுவரை உடைப்பதற்கு முன் சிவில் துறையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் நின்று, சுவரைத் தட்டிப் பார்த்து, "தூணை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். எங்கள் துறை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய தொழில்நுட்ப ஆலோசனை மொத்தமும் அவ்வளவுதான்.

"இருக்கற எடத்துலயே இருக்கட்டும்பா" என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டியபடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரனைப் பார்க்கிற பார்வை அது.

நான் எப்படித் துணைவேந்தர் ஆனேன் என்று யாராவது கேட்டால், களைப்பினால் என்று சொல்வேன். என் களைப்பு அல்ல, மற்றவர்களுடையது. பெரிய ஆட்கள் இரண்டு பேர் அந்த நாற்காலிக்காக அடித்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போய், பேப்பரில் ஒருவரை ஒருவர் நாறடித்து, கடைசியில் அவர்களை ஆதரித்தவர்களுக்கே அலுத்துப்போயிற்று. அப்போது யாரோ, யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஆள் ஒருத்தன் இருக்கிறானா என்று தேடினார்கள். நான் கிடைத்தேன். ஆட்சேபணை இல்லாதவன். என் உத்தியோக வாழ்க்கையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லவேண்டும்.

பிச்சாட்டூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ். மூன்றையும் நான் பேசினால், கேட்கிறவர் எனக்கு மற்ற இரண்டும்தான் நன்றாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவை நைனா என்போம். அவர், ஆற்று அணைக் கரையில் பலப்படுத்தும் வேலை நடந்தபோதெல்லாம் மண் கூடை சுமந்தவர். எனக்கு சிவில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது அவர் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"செருப்பு போட்டுக்கினு மண்ணாண்ட நிக்கிற வேலயா?"

"ஆமா நைனா."

"அது போதும்."

முதலில் சித்தூரில் பாசனத் துறை. சின்னச் சின்னத் தடுப்பணைகள், கல்வெர்ட்டுகள் கட்டினேன். அந்தப் பக்கம் மழை குறைவு என்பதால் அவை இன்னும் நிற்கின்றன. பிறகு திருப்பதிக்கு வந்து விரிவுரையாளர், துறைத்தலைவர், பதிவாளர். மேலே போகப் போக சிமெண்ட் குறைந்து ஃபைல் அதிகமானது. உச்சிக்கு வந்து சேர்ந்தபோது சர்க்கரை, பிரஷர், இரண்டு முட்டியிலும் வலி. ஒரு நாளில் நான் போடும் கையெழுத்துகளைப் பார்த்தால் எனக்கே அது யார் பெயர் என்று சந்தேகம் வரும். அப்படியும் பதவிக்காலம் முடியப்போகிற நேரத்தில், இன்னொரு டெர்ம் கிடைக்காதா என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். களைத்துப்போனவனுக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும்.

அந்த நேரத்தில்தான் தெற்கு வாசல் வந்து சேர்ந்தது.

எங்கள் வளாகத்தின் தெற்குச் சுவரை ஒட்டிப் பெண்கள் ஹாஸ்டல். சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. புத்தூர், நகரி, சத்தியவேடு போகிற பஸ்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஒரு காலத்தில் அந்தச் சுவரில் கேட் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு துணைவேந்தர் காலத்தில் மாணவர் ஸ்டிரைக், கோர்ட் கேஸ், அவருக்கு நெஞ்சு வலி எல்லாம் வரிசையாக வர, வாஸ்து பார்க்கிற சித்தாந்தியைக் கூப்பிட்டார்கள். சித்தாந்தி வளாகத்தைச் சுற்றிவந்து தெற்கு கேட்டைக் காட்டினார். தெற்கு எமன் திசை. உடனே செங்கல் வைத்து அடைத்தார்கள். அன்றிலிருந்து ஹாஸ்டல் பெண்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கே மெயின் கேட் வரை நடந்து, வெளியே வந்து, காலி மனைகளையும் ஒரு வைன் ஷாப்பையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

ஒருநாள் மதியம் ஹாஸ்டல் பெண்கள் கும்பலாக என் அறைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் எங்கள் சிவில் துறையிலேயே மூன்றாம் ஆண்டு. தெலுங்கில் ஆரம்பித்தாள், நடுவில் இங்கிலீஷுக்குத் தாவினாள், இரண்டிலும் திக்கியது. அந்தத் திக்கல் எனக்கு ரொம்பத் தெரிந்த திக்கல். "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டேன்.

"சத்தியவேட்டாண்ட சார். நீங்க நம்ம சைடா?"

"பிச்சாட்டூர்."

"அய்ய, மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? நேத்துலருந்து தெலுங்குல மனப்பாடம் பண்ணிக்கினு கீறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க நைனா போன வாரம் என்னப் பாக்க வந்தாரு சார். பஸ்ஸு எறங்கி அந்த வைன் ஷாப்பு வயியா நடந்து வந்துக்கினு கீறாரு. அங்க குடிச்சிட்டு நின்னவனுங்க ஹாஸ்டல் பொண்ணுங்களப் பத்திப் பேசனத காதால கேட்டுட்டாரு. நேரா ரூமாண்ட வந்து, துணியெல்லாம் எடுத்து வெய்யி, வூட்டுக்குப் போலாம்ன்றாரு."

"அப்புறம்?"

"கெஞ்சிக் கூத்தாடி நிக்க வெச்சிக்கீறேன். அடுத்த செமஸ்டருக்குள்ள அந்த வாசலத் தெறந்தா படி, இல்லன்னா என்னோட கம்பெனிக்கு வந்துடுன்னு சொல்லிட்டுப் போய்க்கீறாரு. அவரு அங்க பேக்கிங்ல கீறாரு சார். சொன்னா செய்வாரு." தெற்குச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். "பொம்பளைங்க எங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ சார். பஸ்ஸாண்ட போறதுக்குத்தான் வயி இல்ல."

"பாக்கலாம்மா" என்றேன்.

"பாக்கலாம்னு சொன்னா தெறக்க மாட்டாங்கன்னு சீனியர்ஸ் சொல்லி அனுப்சாங்க சார்."

வீட்டுக்குப் போனபோது மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. வார்டன் அம்மாளும் அவளும் ஒரே வாட்ஸப் குரூப்.

"இன்னாங்க, தெக்கு வாசலத் தெறக்கப் போறீங்களாமே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"உங்க ரெண்டாவது டெர்ம் ஃபைலு மேல போய்க்கினு கீற நேரம். இப்பப் போயி எமனுக்கு வாசல் தெறந்து வெப்பாங்களா?"

"எமனுக்கு பஸ் ஃப்ரீ இல்ல. வரமாட்டான்."

"ஜோக்கு அடிச்சிக்கினே இருங்க. மாத்திர போட்டீங்களா?"

போடவில்லை. போட்டேன்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். செங்கல்லுக்குத் திசை தெரியாது, சுமைக்குத் திசை தெரியாது, சிவில் இன்ஜினியர் துணைவேந்தராக இருக்கிற இடத்தில் ஒரு வாசலைப் பார்த்து நாம் பயப்படலாமா என்றெல்லாம் பேசினேன். பேசி முடித்ததும் எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. வயதான உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்: "மீ இன்ட்டி கேட்டு எட்டு வைப்பு உந்தி சார்?"

என் வீட்டு கேட் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். கிழக்கு என்றேன்.

போர்வெல்? ஈசானிய மூலை. சமையலறை? அக்னி மூலை. மேலே தண்ணீர்த் தொட்டி? அவர் கேட்பதற்கு முன் பக்கத்தில் இருந்தவரே "நைருதி, நைருதி" என்று தென்மேற்கு மூலையைச் சொல்லிவிட்டார். அவர்தான் அந்தத் தெருவில் எனக்கு மூன்றாவது வீடு.

"வீட்டைக் கட்டினது என் மனைவி. நான் தண்ணிதான் ஊத்தினேன்" என்றேன். உண்மையும் அதுதான். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, தெற்கு வாசலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். என் ஜோக்குகளால் நான் இழந்த காரியங்களில் அதுவும் சேர்ந்தது. செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் சாயங்காலங்களில் திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போவேன். மலை ஏறுகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி கீழேயே நடந்துவிட்டு வந்துவிடுவேன். கூட்டத்துக்கு மறுநாள் முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். எதிரே சோதனைக்காகக் கம்பி கட்டி ஆட்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் ஒரு பக்கம் பார்த்து நுழைந்தார்கள், வளைந்தார்கள், திரும்பி வந்த வழியையே பார்த்து நடந்தார்கள், மறுபடி வளைந்தார்கள். கடைசியில் எல்லோரும் மலைக்குத்தான் போனார்கள். எந்தத் திசையைப் பார்த்து நுழைந்தோம் என்று ஒருத்தரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அதில் கோடு போட்டேன்.

விஷயம் சின்னது. தெற்குச் சுவரை ஓரிடத்தில் வெட்டி, கொஞ்ச தூரத்துக்கு வளாகத்துக்குள்ளே மடக்கிக்கொண்டு வரவேண்டும். முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. அந்த மடிப்பின் பக்கச் சுவரில் கேட் வைத்தால் அது கிழக்கு பார்க்கும். ஹாஸ்டலிலிருந்து வரும் பெண் கிழக்கு பார்த்து வெளியே வருவாள், வலது பக்கம் திரும்புவாள், எதிரே பஸ் நிற்கும். இருப்பது தெற்குச் சுவரில், பார்ப்பது கிழக்கே. செங்கல்லுக்குத் திசை தெரியாது என்று முந்தின நாள் முழங்கியவன், செங்கல்லுக்குத் திசை கற்றுக்கொடுக்க உட்கார்ந்திருந்தேன்.

அதே சித்தாந்தியைக் கூப்பிட்டேன். ஃபோனில் காம்பஸை வைத்துக்கொண்டு சுவரோரம் மெதுவாக நடந்தார். எனக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த மாதிரி வியர்த்தது.

"கேட்டு எட்டு சூஸ்துந்தி சார்?" எந்தப் பக்கம் பார்க்கிறது என்றார்.

"கிழக்கு."

"பிள்ளைங்க வெளிய வர்றது?"

"கிழக்குலதான்."

"கானி ரோடு தெக்குல உந்தி கதா சார்?" ஆனால் ரோடு தெற்கே இருக்கிறதே என்றார்.

"ரோடு நம்முது இல்லியே சாமி. பஞ்சாயத்துது."

அவர் காம்பஸை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "அப்போ தோஷம் இருந்தா பஞ்சாயத்துக்குப் போகும். உங்களுக்கு இது தூர்ப்பு வாசல் சார். ஃபஸ்ட் கிளாஸ் கிழக்கு."

என் டிசைன் எதையும் அதுவரை யாரும் ஃபஸ்ட் கிளாஸ் என்று சொன்னதில்லை.

அடுத்த கூட்டத்தில் அது 'சுற்றுச்சுவர் சீரமைப்பு' என்ற பெயரில் பேச்சே இல்லாமல் நிறைவேறியது. வேலை நடந்த நாட்களில் தினமும் குடையோடு போய் நின்றேன். ஃபைல்கள் மேஜையில் காத்துக்கிடந்தன. ரொம்ப வருஷங்களுக்குப் பிறகு, செருப்பு போட்டுக்கொண்டு மண்ணண்டை நின்றேன். கொத்தனார்கள் என்னைத் தொந்தரவாகத்தான் நினைத்தார்கள். புதுச் சுவர் காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போட்டிருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில், கடைசியில் என்னைப் பார்த்தாலே ஒருத்தர் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினார்.

செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின நாள் கேட்டைத் திறந்தோம். ரிப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் உள்ளே வந்தது ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவருகிற ஆட்டோ. டிரைவர் ரோட்டிலிருந்து தைரியமாக மடிப்புக்குள் நுழைந்து, கேட்டுக்காக ஹேண்டிலை ஒடித்தார். ஆட்டோ பாதி திரும்பி நின்றுவிட்டது. மூக்கு ஒரு சுவரில், வால் இன்னொரு சுவரில். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு கூடை தக்காளி சரிந்து உருண்டது. பெண்கள் எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள்.

வண்டி திரும்புவதற்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது எங்கள் பாடத்தில் ஆரம்பத்திலேயே வரும். அதை நான் நடத்தாத வருஷம் கிடையாது. காம்பஸ் முள் கிழக்கைக் காட்டவேண்டும் என்பதிலேயே குறியாக இருந்ததில், சக்கரத்தை மறந்துபோனேன்.

"எவன்டா இந்த கேட்டு கட்னவன்?" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து டிரைவர் கத்தினார்.

"நான்தான்பா."

அவர் தலையை வெளியே நீட்டி, என்னையும் பின்னால் நின்ற காரையும் அதன் சிவப்பு எழுத்துப் பலகையையும் பார்த்தார். "நல்லாத்தான் கட்டிக்கீறீங்க சார். ஆட்டோதான் தப்பு."

"சார்" என்று அந்த சத்தியவேட்டுப் பெண் தக்காளி பொறுக்கிக்கொண்டே சொன்னாள், "இந்தக் கொஸ்டீன் இப்பதான் பரீச்சைல வந்துச்சி. நான்கூட ஒயுங்கா எய்திட்டேன்."

பெண்கள் சேர்ந்து ஆட்டோவைத் தூக்கித் திருப்பினார்கள். உதவிப் பொறியாளர் என் காதோரம் வந்து, இடித்து அகலப்படுத்தட்டுமா என்று கேட்டார். அகலப்படுத்த மறுபடியும் அனுமதி வேண்டும், அனுமதி என்றால் கூட்டம், கூட்டம் என்றால் அடுத்த கூட்டம். "வேணாம்பா. காய்கறி மெயின் கேட்ல வரட்டும். இது நடக்கறவங்களுக்கு" என்றேன். அவர் மறுபடியும் அந்தக் கட்டில்காரப் பார்வை பார்த்தார்.

சாயங்காலம் அந்த சத்தியவேட்டுப் பெண்ணின் அப்பா வந்தார். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடேயே பஸ் பிடித்திருந்தார். சாக்கு நனைந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நானும் அங்கேதான் இருந்தேன். அவர் ரோட்டில் இறங்கி, மடிப்புக்குள் வந்து, கேட்டைத் தாண்டினார். திரும்பவும் வெளியே போனார். திரும்பவும் உள்ளே வந்தார். மகள் ஹாஸ்டல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், கோணலா கீது?" என்றார் என்னிடம்.

"கோணலாத்தான் கீது."

சுவரை ஒரு தடவை கையால் தடவினார். "சரி. வயி கீதுல்ல."

மகளோடு கேண்டீனில் ஒரு டீ குடித்தார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். துணியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

எனக்கு இரண்டாவது டெர்ம் கிடைக்கவில்லை. ஃபைல் மேலே போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. காரணம் எல்லாம் சாதாரணமானதுதான். இந்தத் தடவை யாருக்கும் களைக்கவில்லை, ஆட்சேபணை இல்லாதவன் தேவைப்படவில்லை. ஆனால் வளாகத்தில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நான் போகிற இடமெல்லாம் தெற்குப் பக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுதாபமாகத் தலையாட்டினார்கள். மனைவி ஒருநாள் சோறு போடும்போது, "கெயக்குன்னுதான சொன்னாரு அந்தாளு?" என்று மட்டும் கேட்டாள்.

காரைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற சர்வீஸுக்குத் துறைக்கே பேராசிரியராகத் திரும்பினேன். புதியவர் வந்த அன்றே டேப் வந்தது, அறைக்கதவு மேற்கே போனது. யாரும் என்னைக் கூப்பிட்டுத் தூணைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் புதியவரும் சித்தாந்தியும் தெற்குச் சுவர்ப் பக்கம் நடப்பதை வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிட்டேன். முன் பெஞ்சில் இருந்த சத்தியவேட்டுப் பெண்ணும் பார்த்தாள். அன்று அந்தக் கணக்குக்கு விடை வரவேயில்லை.

மதியம் உதவிப் பொறியாளரைப் பிடித்தேன். "மூடப் போறாங்களாப்பா?"

"இல்ல சார். சித்தாந்தி ஒரு ஆட்டோவ வரச்சொல்லி உள்ள வுட்டுப் பாத்தாரு. போவல. வண்டி நொழையாதது வாசல் கணக்குலயே வராது, வெறும் சந்து, இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னுட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சந்துல புதுசா வந்தவரு காரும் போவாதில்ல சார். அவருக்கும் சரின்னு பட்டுடுச்சி."

நான் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அதை அடைக்க அன்றைக்கே செங்கல் இறங்கியிருக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டமிட்டுச் செய்ததாக நினைத்துப் பாராட்டிவிடுவார்கள்.

இப்போது ஊருக்குப் போகவேண்டியிருந்தால் நானும் அந்த வழியாகத்தான் போகிறேன். எதிரே பெண்கள் பையோடு வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்கவேண்டும். போன சனிக்கிழமை அப்படி ஒதுங்கி நின்றபோது பின்னாலிருந்து அந்த முன் பெஞ்சுக்காரியின் குரல்.

"இத்த இன்னும் கொஞ்சம் அகலமா வெச்சிருந்தா இன்னா சார்?"

"தப்பாப் போட்டுட்டேம்மா."

"அதான் தெரிதே. சார், பஸ்ஸு வந்துச்சி, ஓடுங்க!"

என் முட்டிக்கு ஓட வராது. அவள் ஓடினாள். படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றுகொண்டு டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். "இருண்ணா, ஒரு பெரியவரு நடந்து வந்துக்கினு கீறாரு!"

நடந்து போய் ஏறினேன். பஸ் முழுக்க ஹாஸ்டல் பெண்கள், நாரவாரம் வரை நிற்கத்தான் வேண்டும் போலிருந்தது. அவள் ஒருத்தியை எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். கண்டக்டர் அவர்களையெல்லாம் தாண்டி நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். அங்கே டிக்கெட் எடுக்கவேண்டியவன் நான் ஒருத்தன்தான்.